ரங்கத் சந்தையில் நான் போட்ட பந்தல்

என் இளைய மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவேன். பேங்க் ஆபீசர். எங்கே என்று கேட்டால்தான் பதில் வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மெயின்லேண்டில் என்று சொல்லிவிட்டு, கேட்டவரின் வீட்டுச் சமாச்சாரத்தை விசாரிக்கத் தொடங்கிவிடுவேன்.

அவள் இங்கேயே இருந்திருக்க வேண்டியவள். போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து போகிற தூரத்தில் வேலை பார்த்திருக்க வேண்டியவள். அது எப்படி இல்லாமல் போனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து கப்பலேறி அந்தமானில், ஹேடோ துறைமுகத்தில் இறங்கியபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. ஜெட்டியில் சிமெண்ட் மூட்டை தூக்கினேன். பிறகு மூட்டையை எண்ணும் ஆளானேன். பிறகு மூட்டை யார் பேருக்கு வருகிறதோ அந்த ஆளானேன். இன்றைக்கு மூன்று மாடி வீடு, கடை, இரண்டு லாரி. வடக்கே மாயாபந்தர் வரை பஞ்சாயத்துக் கட்டடம், பள்ளிக்கூட மதில், தண்ணீர்த் தொட்டி என்று நான் கட்டிக் கொடுத்தது எத்தனையோ நிற்கிறது. ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

படிக்காமல் இதெல்லாம் எப்படி என்றால், ஆள் பழக்கம். இந்தத் தீவில் கப்பல் டிக்கெட்டிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை வரை யாரைத் தெரியும் என்பதுதான் பேச்சு. எனக்கு எல்லாரையும் தெரியும். முக்கியமாக, ஒரு பெரிய அதிகாரி வெளியூருக்குப் பார்வையிட வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். முதல் நாளே பந்தல் போட வேண்டும். நாற்காலி, இளநீர், டீ, சமோசா. ஜனங்களைக் கூட்டி முன்வரிசையில் பெண்களை உட்கார வைக்க வேண்டும். யார் பேச வேண்டும், என்ன பேச வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வந்த அதிகாரி வேர்க்காமல் சந்தோஷமாகத் திரும்பிப் போவார். கான்ட்ராக்ட் எடுக்கிறவன் எல்லாரும் செய்வதுதான். என்னை மாதிரி சுத்தமாகச் செய்கிறவன் கிடையாது.

மகள் சென்னையில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு கம்பெனியில் இரண்டு மாதம் வேலை பழக வேண்டும், இன்டர்ன்ஷிப் என்று பெயர். மற்ற பிள்ளைகள் பம்பாய், பெங்களூர் என்று ஓடினார்கள். இவள் மட்டும் போர்ட் பிளேரில் ஒரு பேங்க் கிளையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் எனக்கே தெரிந்தது.

“அந்த பேங்க்கா? முன்னாடி இருந்த மேனேஜர் நம்ம வீட்ல நண்டு சாப்பிட்டுட்டுப் போனவராச்சே. இப்ப இருக்கவர்கிட்ட ஒரு போனப் போட்டு…”

“போன் வேணாம்ப்பா. கெடைச்சிருச்சு.”

“யாரு சொல்லி?”

“யாரும் சொல்லல. நான் எழுதிக் கேட்டேன். கம்ப்யூட்டர்ல பேட்டி எடுத்தாங்க. வான்னுட்டாங்க.”

என் மனைவி மீன் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “உங்க போன் இல்லாம இந்த வீட்ல ஒரு காரியம் நடந்துருச்சுங்க. கடலே வத்திப்போகுமோ என்னமோ.”

மகள் சிரிக்கவில்லை. “ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்ப்பா. இந்த ரெண்டு மாசம் நீங்க பிராஞ்ச் பக்கம் வராதீங்க. எதுவா இருந்தாலும் கடை ஆளை அனுப்புங்க.”

“ஏன், நான் வந்தா ஒனக்குக் கவுரவக் கொறச்சலா?”

“கவுரவம் கூடிப்போயிரும்ப்பா. அதான் பயம்.”

சரி என்று தலையாட்டினேன். சொன்ன சொல்லை நான் மீறியதில்லை. கிளைப் பக்கம் நான் போகவில்லை. அப்புறம் போக வேண்டி வந்த கதை வேறு.

காலையில் வண்டி வேண்டாம் என்று பஸ்ஸில் போவாள். சாயங்காலம் வந்து முகம் கழுவிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கதை சொல்வாள். பென்ஷன் நாளில் வரும் கிழவர்களுக்குக் கைரேகை மெஷினில் பதிவதே இல்லையாம். மண்வெட்டி பிடித்தும் வலை இழுத்தும் தேய்ந்த கை. ஈரத்துணியால் துடைத்து, ஊதி, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பாளாம். ஒரு கிழவருக்குச் சுண்டுவிரல்தான் பதிந்ததாம். மகளே என்று ஹிந்தியில் கூப்பிட்டு, “பேட்டி, என் அதிர்ஷ்டம் பூரா இந்தக் குட்டி விரல்லதான் இருக்கு” என்றாராம். நான் என் கட்டை விரலை நீட்டி, “இதுவும் பதியாது, மூட்டை தின்ன வெரலு” என்றேன். பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு உன்னிப்பாக என் கையை அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு நாள் வரும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். கொடுத்த ஆய்வை நன்றாக முடித்துக் கொடுத்தால், படிப்பு முடிந்ததும் இங்கேயே எடுத்துக்கொள்ளத் தலைமை ஆபீசுக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் வந்த நாளிலிருந்தே மாற்றலுக்கு எழுதிப் போடுகிறார்களாம். இந்த ஊர்ப் பிள்ளை ஒன்று, ஹிந்தியும் தமிழும் பெங்காலியும் பேசுகிற பிள்ளை, வேலைக்கு வேண்டும் என்றாராம்.

“இங்கயே இருந்துருவியா?” என்று என் மனைவி கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. மூத்தவன் கப்பலில் வேலை, வருஷத்தில் பத்து மாதம் கடலில் கிடப்பான். நடுவுள்ளவள் கல்யாணமாகித் திருச்சியில். இவள் ஒருத்திதான் மிச்சம்.

“இருக்கத்தாம்மா கேட்டு வாங்கிட்டு வந்தேன்” என்றாள்.

அன்றைக்கு ராத்திரி நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஆய்வு இதுதான். ரங்கத் சந்தையில் காய்கறி, மீன் விற்கும் பெண்களுக்கு பேங்க் கணக்கு இருக்கிறது. ஆனால் யாரும் பேங்க்குக்கு வருவதில்லை, கடன் கேட்பதும் இல்லை. ஏன் என்று அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும். கிளையிலிருந்து இளம் ஆபீசர் ஒருவர் துணைக்கு வருவார். தெலுங்குப் பையன். இரண்டு பேரும் பஸ்ஸில் போய் ஒரு நாள் முழுக்கச் சந்தையில் சுற்றிப் பேசிவிட்டு, மறுநாள் திரும்புவதாகத் திட்டம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் காட்டுக்குள் மற்ற வண்டிகளோடு வரிசையாகக் கான்வாயில் ஊர்ந்து, வண்டி ஏற்றும் ஜங்கார் படகில் ஏறி இறங்கி ரங்கத் போய்ச் சேரும்போது ஆளே கசங்கிப் போவாள். அதற்குமேல் சந்தையில் வியாபாரம் பார்க்கும் பெண்கள் இந்தச் சின்னப் பிள்ளைக்கு நின்று பதில் சொல்வார்களா? பேரம் பேசுகிற நேரத்தில் “ஹட்டோ, ஹட்டோ” என்று விரட்டுவார்கள். ஆய்வு கெட்டால் வேலை போகும், வேலை போனால் மகள் போவாள். ரங்கத்தில் எனக்குத் தெரியாத ஆளா? கிளைப் பக்கம் வராதே என்றுதானே சொன்னாள், ரங்கத் கிளை அல்லவே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அங்கே என்னிடம் பெயிண்டும் தகரமும் எடுத்து விற்கும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன். முதல் நாளே என் ஜீப்பில் நானும் போய்விட்டேன். வீட்டில் லோடு விஷயம் என்று சொன்னேன்.

நான் போட்ட பந்தல்களிலேயே அழகானது அதுதான். சந்தைக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நீலத் தார்ப்பாய், கீழே பாய், எதிரே மேஜை, மேஜைமேல் துணி. நாற்காலியில் உட்காரும் என் மகளுக்குக் காற்று படும்படி மின்விசிறி வைத்தேன். பெண்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினேன்: பேங்க் மேடம் வருகிறார்கள், நல்லபடியாகப் பேசுங்கள், நல்லது நடக்கும்.

அவளும் அந்தத் தெலுங்குப் பையனும் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சந்தைக்குள் வந்தார்கள். நான் எதிரே போய் நின்றேன். என்னைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். மாலையோடு நின்ற கடைக்காரரைப் பார்த்தாள். நோட்டை எடுக்கப் பைக்குள் விட்ட கையை அவள் வெளியே எடுக்கவே இல்லை.

“என்னப்பா இது?”

“நீ வெயில்ல அலைய வேணாம்னுதான். எல்லாரும் ஒரே எடத்துல இருக்காங்க. அரை மணியில முடிச்சுரலாம்.”

“நான் அலையத்தாம்ப்பா வந்தேன்” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் போயிருக்கலாம். என்னை எல்லார் முன்னாலும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன். போய் உட்கார்ந்தாள். மேஜையை ஒதுக்கிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். எல்லாரும் மாசி, அதாவது சின்னம்மா, என்று கூப்பிடும் வயசான பெங்காலிக்காரி முதலில் எழுந்தாள். “சப் அச்சா ஹை, பேட்டி. பேங்க் அச்சா, சேட் அச்சா, ஆப் பீ அச்சா.” எல்லாம் நல்லது, பேங்க் நல்லது, முதலாளி நல்லவர், நீயும் நல்லவள். அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். ஏன் பேங்க்குக்கு வருவதில்லை என்று மகள் கேட்டால், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “வருவோம், வருவோம்” என்றார்கள்.

முருங்கைக்காயும் கீரையும் விற்கும் தமிழ்க்காரி ஒருத்தி ஓரத்தில் இருந்தாள். அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மகள் கேட்டதற்கு, “எல்லாரும் சொன்னதுதாம்மா எனக்கும். டீ ஆறிப்போச்சு, குடி” என்றாள்.

பந்தல் கலையும்போது கூட்டம் கைதட்டியது. நான்தான் தட்டச் சொன்னேன். காரியம் முடிந்தது என்று எனக்குப் பரம திருப்தி. ஜீப்பில் வாம்மா என்றேன். டிக்கெட் எடுத்தாச்சு என்று மறுநாள் பஸ்ஸிலேயே திரும்பினாள்.

அதற்குப் பிறகுதான் வினை. ரங்கத் பெண்களுக்கு என் மகள் பேங்க் ஆள் என்பதைவிட நான் வந்து நின்றதுதான் கணக்கில் இருந்தது. கடன் என் கை வழியாகத்தான் வரும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆதார் நகலும் போட்டோவும் எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் படையெடுத்தார்கள். கடைக்காரரும் வாங்கி வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார், வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல். பந்தலுக்குக் கூப்பிட விட்டுப்போன ஒருத்தியின் புருஷன் கோபத்தில் நேரே பேங்க்குக்கே போன் போட்டுவிட்டான்: உங்கள் கான்ட்ராக்டர் எங்கள் தெருவை மட்டும் ஏன் விட்டுவிட்டார்?

உங்கள் கான்ட்ராக்டர். அந்த ஒரு வார்த்தை தலைமை ஆபீஸ் வரை போனது. பேங்க் பெயரைச் சொல்லி வெளியாள் கூட்டம் சேர்த்தது எப்படி என்று கேட்டார்கள். ஆய்வை நிறுத்தச் சொன்னார்கள். மகளைப் பின்னறையில் பழைய பேப்பர்களை அடுக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள்.

பென்ஷன் கிழவர் கதை நின்றுபோனது. துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கியது என் மனைவிதான். என்னிடம் சொல்லிவிட்டு, “இப்ப எங்கிட்டும் போய் நிக்காதீங்க, சொல்லிட்டேன்” என்றாள்.

நான் போனேன். கிளைக்கே போனேன். மேனேஜர் கும்பகோணத்துப் பக்கத்து ஆள், மரியாதையானவர். எழுந்து நாற்காலி காட்டினார்.

“தப்பு என்னோடது சார். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அப்படி எழுதிருங்க, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றேன்.

“உங்க பொண்ணு மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல சார். நல்லா வேலை செய்யற பொண்ணு. ஆனா அந்தப் பதில்களை வச்சு நான் என்ன செய்ய முடியும்? நீங்க பக்கத்துல நின்னுண்டிருந்தேள். அவா என்ன சொல்லுவா?”

“மறுபடி போகட்டும். நான் வரல.”

“அது என் கையில இல்ல சார். நிறுத்தச் சொல்லி வந்தாச்சு.”

அங்கே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை என்ற சொல்லை ஒரு ஆபீசில் கேட்டுவிட்டுத் திரும்பி எனக்குப் பழக்கமில்லை. என் வரவு செலவு எவ்வளவு உங்கள் கிளையில் ஓடுகிறது தெரியுமா, நாளைக்கே எதிர்த்த பேங்க்குக்கு மாற்றினால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கவுண்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னறை வாசலில் ஒரு கட்டு பேப்பரோடு மகள் நின்றாள்.

கதவைத் திறந்து உள்ளே வந்தாள். மேனேஜரிடம், “சாரி சார்” என்றாள். என்னிடம், “வீட்டுக்குப் போங்கப்பா. அம்மா காத்திருப்பாங்க” என்றாள். என் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டு மாதம் முடிந்து ஒரு காகிதம் கொடுத்தார்கள். இன்னார் வந்தார், பயிற்சி முடித்தார், அவ்வளவுதான். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏறினாள். ஏர்போர்ட்டில் காலில் விழுந்து கும்பிட்டாள். “ஒடம்பப் பாத்துக்கங்க” என்றாள். எப்போதும் போலத்தான்.

பிறகு பரீட்சை எழுதி வேறு பேங்க்கில் தானாக வேலை வாங்கினாள். கெட்டிக்காரி, அதில் சந்தேகமே வேண்டாம், என் ரத்தம். எந்த ஊர் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது அந்தமானை அவள் எழுதவில்லை. இதுவும் மனைவி வழியாகத்தான் எனக்கு வந்தது. போனில் நானே கேட்டேன்.

“நம்ம ஊருக்குப் போட்டுத் தாங்கன்னு எழுதியிருக்கலாமேம்மா. இங்க யாரும் வர மாட்டேங்குறான். ஒனக்குக் கேட்ட ஒடனே கெடைச்சிருக்கும்.”

“கெடைச்சிருக்கும்ப்பா.”

“அப்பறம் ஏன்?”

“அங்க என்கிட்ட யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்கப்பா. உங்க மகள்னு தெரியும்ல” என்றாள். பிறகு, “சாப்பிட்டீங்களா?” என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

போன மழைக்காலம் முடிந்தபின் லோடு விஷயமாக ரங்கத் போனேன். இந்த முறை நிஜமாகவே லோடு விஷயம். சந்தை வழியாக நடந்துகொண்டிருந்தபோது அந்த முருங்கைக்காய்க்காரி கூப்பிட்டாள்.

“என்ன முதலாளி, பந்தலு எதுவும் போடலையா இந்தவாட்டி?”

பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

“மக எப்பிடி இருக்கு? கல்யாணம் காச்சின்னு ஏதும்…”

“வேலைக்குப் போயிருச்சு. மெயின்லேண்ட்ல.”

“நல்லாருக்கட்டும். நல்ல புள்ள. அன்னைக்கு வந்தப்பகூட அரை வயிறுதான் சாப்பிட்டுச்சு.”

“பந்தல்ல எங்க சாப்பாடு போட்டோம், டீதானே” என்றேன்.

“பந்தலுக்கு வந்தப்ப இல்ல. அப்பறம் வந்துச்சே, அத சொல்றேன்.”

நான் நின்றுவிட்டேன். அவள் கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள். ஊருக்குக் கிளம்புகிறதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தனியாக பஸ்ஸில் வந்தாளாம். பேங்க் வேலையாக இல்லை, அது முடிந்துபோச்சு என்று முதலிலேயே சொல்லிவிட்டாளாம். கடன் என் அப்பா மூலமாக வராது, பெயிண்ட் கடையில் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், உங்களை ஆசை காட்டி ஏமாத்தினது போலாகிவிட்டது, மன்னிச்சுருங்க என்று ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொன்னாளாம். தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டு இரண்டு நாள் வராமல் இருந்தது எனக்கு நினைவு வந்தது.

“சொல்லிட்டுப் போயிரும்னு பாத்தா, என் சாக்குலயே உக்காந்துக்கிருச்சு. யாவாரத்துக்குக் காய் எடுத்துக் குடுத்துச்சு. மாசி அதுக்குச் சோறு போட்டா. அப்பத்தான் எல்லாரும் ஒவ்வொண்ணா சொல்ல ஆரம்பிச்சோம்.”

“என்ன சொன்னீங்க?”

“பேங்க்கு எப்ப தொறக்குது? எங்க யாவாரம் சூடு புடிக்கிற நேரம். நாங்க கடையக் கட்டிட்டு எந்திரிக்கிறப்ப அவன் பூட்டிட்டுப் போயிருவான். இந்த ஒரு சின்ன விசயம், எங்கள யாரும் கேட்டதே இல்ல. அது கேட்டுச்சு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவா? பொழுது போய்ச் சந்தை காலியாகுற வரைக்கும் பேசுனோம். வீட்டுக்காரன் விசயம், பிள்ளைக விசயம், எவன்கிட்ட வட்டிக்கு வாங்குறோம், ஏன் வாங்குறோம், எல்லாம்.”

“வேற என்ன சொன்னீங்க, சொல்லும்மா. நானும் தெரிஞ்சுக்கிறேன்.”

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கேலி எல்லாம் முகத்தைவிட்டுப் போயிருந்தது.

“அது அந்தப் புள்ளைக்குச் சொன்னது முதலாளி. உங்களுக்குச் சொல்றதுக்கு இல்ல.”

அந்தப் பக்கம் மாசி ஒருத்தனோடு பூசணிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “சப் அச்சா, சேட்?” என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஒரு கட்டு கீரை வாங்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தேன்.